டொல்பின் வானின் பின் பிறேக்கும் ஒரு மேலதிக ஸ்பிறிங் தகடும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், யாழ்ப்பாணத்து அராலி வெளி வீதியில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னர், 500 கிலோ மணல் மூட்டைகளை ஏற்றிய வானை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி வந்து, வீதியோரத்தில் நட்டிருந்த தடியைக் கடக்கும்போது பிறேக்கை அழுத்தினேன். மூன்று முறையும் வான் பத்தரை மீற்றருக்குள் நேராக நின்றது. யூன் மாதத்தில் அதே இடத்தில், அதே பாரத்துடன் நிற்பதற்குப் பதினைந்து மீற்றர் எடுத்த வான் இது. இடையில் ஐந்து மாதங்கள் கழிந்தன, மூன்று தடவை பிழையான வழியில் போனேன், தேவையில்லாமல் 31,000 ரூபா செலவாயிற்று. அந்த வரிசையிலேயே இதை எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் இதே வகை வானைப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நான் செய்த அதே வேலையைச் செய்து, அதன் விளைவை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

வான் 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹையேஸ், எல்.எச். 113, 2,779 கனசென்ரிமீற்றர் கொண்ட 3எல் டீசல் இயந்திரம். இலங்கையில் எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் வடிவம். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக், பின் சில்லுகளுக்கு டிரம் பிறேக், பின்பக்கம் தகட்டு ஸ்பிறிங். சில்லு பிடித்து வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. காலையும் பிற்பகலும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். வாரத்தில் இரண்டு நாட்களாவது பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பக்கம் போய்வருவதால், கடற்காற்றும் உப்பும் அடிப்பாகத்தைத் தின்றுகொண்டே இருக்கின்றன.

ஏப்ரல் மாதத்தில் பின் ஸ்பிறிங்குகள் தொய்ந்து, பிள்ளைகள் ஏறியதும் வானின் வால் தாழ்ந்து போவதைப் பார்த்து, ஒரு கராஜில் பக்கத்துக்கு ஒரு தகடு கூடுதலாக வைப்பித்தேன். 18,000 ரூபா. வால் நிமிர்ந்தது, பார்வைக்கும் நன்றாக இருந்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில், பாரத்தோடு பிறேக் பிடிக்கும்போது வானின் மூக்கு மட்டும் கீழே குத்துவதையும், பின்பக்கம் தள்ளிக்கொண்டே வருவது போன்ற ஓர் உணர்வையும் கவனித்தேன். பிள்ளைகள் முன் இருக்கையில் போய் இடிபடும் அளவுக்கு மூக்குக் குத்தியது. இந்த மாற்றமும் புதிய தகடும் ஒரே காலத்தில் வந்தவை என்பது அப்போதே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை.

முதலில் முன் பிறேக் பட்டைகள் தேய்ந்துவிட்டன என்று எண்ணி, 9,500 ரூபாவுக்குப் புதிய பட்டைகள் போட்டேன். பழையவற்றில் இன்னும் ஐந்து மில்லிமீற்றர் இருந்தது. இரண்டு நாட்கள் நன்றாக இருப்பது போலத் தோன்றியது, பிறகு பழைய நிலைதான். அடுத்ததாகப் பின் டிரம்களைக் கழற்றினேன். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதக் கூடாது, சோப்புத் தண்ணீரில் நனைத்த தூரிகையால்தான் துடைக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். சில்லுச் சிலிண்டர்கள் கசியவில்லை, பட்டைகள் தடிப்பாக இருந்தன, டிரம்மின் உட்பக்கம் பளபளப்பு ஏறாமல் மங்கிக் கிடந்தது. அந்த மங்கல்தான் விடயத்தைச் சொல்லியது. நாள்தோறும் வேலை செய்யும் டிரம் அப்படி இருக்காது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக, வெறும் வீதியில் பத்து முறை தொடர்ந்து பிறேக் பிடித்து நிறுத்திவிட்டு இறங்கிச் சில்லுகளின் அருகே கையைக் கொண்டுபோனேன். முன் சில்லுகளிலிருந்து அனல் அடித்தது. பின் டிரம்மில் உள்ளங்கையை வைத்து, வைத்தபடியே நிற்க முடிந்தது.

அதன் பிறகுதான் வானுக்குக் கீழே படுத்து, பின் அச்சுக்கு மேலே சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும் அந்த வால்வை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். கராஜ்காரர் இதை லோட் வால்வு என்கிறார்கள். மிதிப்பலகையை அமர்த்தும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து பின் சில்லுகளுக்கு வரும் பிறேக் ஒயில் இதன் வழியாகத்தான் போக வேண்டும். வால்விலிருந்து ஒரு நெம்பு நீண்டு, நீளமான கம்பி ஸ்பிறிங் ஒன்றோடு சேர்ந்து, அதன் மறு நுனி ஓர் இணைப்புத் தண்டின் மூலம் பின் அச்சைப் பிடித்திருக்கிறது. பிறேக் பிடிக்கும்போது வானின் பாரம் முன்னே சாய்ந்து, பின் சில்லுகள் இலேசாகின்றன. இலேசான சில்லுக்கு முழு அழுத்தமும் போனால் அது சுழல்வதை நிறுத்தி வழுக்கத் தொடங்கும், வால் பக்கவாட்டில் வீசும். ஆகவே ஓரளவு அழுத்தம் வரைக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் சமமாக விட்டுவிட்டு, அதற்கு மேல் ஏறும் அழுத்தத்தில் ஒரு பங்கை மட்டும் பின்னுக்கு அனுப்புவது இந்த வால்வின் வேலை. பாரம் ஏறி வான் தாழும்போது, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையிலான தூரம் குறைந்து, நெம்பு கூடுதலாக உந்தப்பட, அந்தக் கட்டுப்பாடு பின்வாங்கிப் பின் சில்லுகளுக்கு அதிக அழுத்தம் போகும். முன் பிறேக் சுற்றில் எங்காவது உடைந்து ஒயில் போய்விட்டால், வால்வுக்குள் இருக்கும் மாற்றுவழி திறந்து முழு அழுத்தத்தையும் பின்னுக்கு விடும்; இதற்காகத்தான் முன் சுற்றிலிருந்தும் ஒரு குழாய் இந்த வால்வுக்கு வருகிறது.

என்னுடைய வால்வின் நெம்பு அசையவில்லை. அது சுழலும் முளை முழுவதும் கறள் பூத்து ஒரே கட்டியாகியிருந்தது. தூசி புகாமல் மூடும் இறப்பர் தொப்பியை விரலால் நெரித்தபோது, உள்ளிருந்து கறுத்த ஒயில் இரண்டு சொட்டு விழுந்தது. உள் இறப்பர்களும் போய்விட்டன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வால்வைப் பிரித்துத் திருத்தலாமா என்று எங்கள் ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் கேட்டேன். அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பிறேக்கிலை உந்த விளையாட்டு வேண்டாம். உள்ளுக்கை சிலிண்டரும் அரிச்சிருக்கும். வேறை ஒண்டைத் தேடு" என்றார்.

புதிய வால்வு யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றில், ஜப்பானிலிருந்து வெட்டி வந்த வானில் கழற்றிய வால்வு 16,000 ரூபாவுக்குக் கிடைத்தது. இரவு பஸ்ஸில் போட்டு அனுப்புவதற்கு 500. வாங்கும்போது மூன்று விடயங்களைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்: நெம்பு தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, தொப்பிக்குள் ஈரம் உண்டா, குழாய்கள் நுழையும் துளைகளின் மறைகள் (திருகு வெட்டுகள்) சிதையாமல் இருக்கின்றனவா. நெம்பையும் கம்பி ஸ்பிறிங்கையும் இணைப்புத் தண்டையும் சேர்த்தே அனுப்பும்படி கேட்டது நான் செய்த நல்ல காரியம். என்னுடைய பழைய தண்டின் மறைகள், கழற்றும்போது நட்டோடு சேர்ந்து உதிர்ந்துவிட்டன.

ஓகஸ்ட் விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். முன் சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சட்டத்தின் கீழே இரண்டு இரும்புத் தாங்கிகளை வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வானுக்குக் கீழே போகக் கூடாது. கழற்றுவதற்கு முன்னர் பழைய இணைப்புத் தண்டின் நீளத்தை, மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவுக்கு, வேர்னியரால் அளந்து எழுதினேன்: 80 மில்லிமீற்றர். மூன்று குழாய்களுக்கும் மூன்று நிற நூல் கட்டினேன். மறைகளில் மூன்று நாட்கள், காலையும் மாலையும், கறள் இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன்.

நான்காம் நாள் பொறுமை இழந்தேன். குழாய் நட்டுகள் பத்து மில்லிமீற்றர் அளவுடையவை. அவற்றுக்கென்று ஒரு ஸ்பனர் இருக்கிறது: வளைய ஸ்பனரின் ஒரு பக்கத்தைக் குழாய் நுழையும் அளவுக்கு வெட்டியது போல இருக்கும், நட்டின் ஐந்து பக்கங்களை ஒரே நேரத்தில் பிடிக்கும். அது என்னிடம் இல்லை. சாதாரண வாய் ஸ்பனரைப் போட்டு இழுத்தேன். முதல் நட்டு வந்தது. இரண்டாவதின் மூலைகள் வழுக்கி உருண்டையாகின. கிறிப் பிளையரால் பிடித்துத் திருகியபோது நட்டு சுழன்றது, ஆனால் கறளால் அதோடு ஒட்டியிருந்த குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, கையளவு தூரத்தில் அறுந்தது. வால்விலிருந்து பின் அச்சை நோக்கிப் போகும் குழாய் அது. மிச்சக் குழாயையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பிடிப்பியின் கீழே உப்புத் தேங்கிய இடத்தில் பொருக்கு பொருக்காகக் கறள் உதிர்ந்தது. அது அன்று அறுந்திராவிட்டால், இன்னொரு நாள் பிள்ளைகள் இருக்கும்போது அறுந்திருக்கும். மூன்றாவது நட்டுக்கு அண்ணையிடம் போய் அந்த வெட்டு வளைய ஸ்பனரை இரவல் வாங்கி வந்தேன். ஒரே இழுவையில் வந்தது.

புதிய குழாய் செய்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் நான் மிகவும் இரசித்த பகுதியும் அதுதான். பழைய குழாயின் வளைவுகளின் மேலே மெல்லிய கட்டுக்கம்பி ஒன்றைப் படிய வைத்து, நிமிர்த்தி அளந்தபோது 62 சென்ரிமீற்றர் வந்தது. இரண்டு முனைகளின் விரிப்புக்கும் கையிருப்பாகவும் 4 சென்ரிமீற்றர் சேர்த்து, 4.76 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள பிறேக் குழாயில் 66 சென்ரிமீற்றர் வெட்டினேன். ஹக்சோவால் வெட்டினால் தூள் உள்ளே போகும், முனையும் சாயும். சிறிய உருளை வெட்டியால் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பின் உட்பிசிறைக் கத்தி நுனியால் எடுத்து, வெளிவிளிம்பை அரத்தால் இலேசாகச் சரித்தேன். பிறேக் குழாயின் வாய் இரண்டு மடிப்பாக விரிக்கப்பட வேண்டும்: முதலில் அச்சுக்கட்டையை வைத்து அமுக்கும்போது குழாயின் வாய் குமிழ் போல உப்பும், அடுத்துக் கூம்பை நேரடியாக வைத்து அமுக்கும்போது அந்தக் குமிழ் உள்ளே மடிந்து இரட்டைச் சுவராகும். ஒற்றை மடிப்பு விரிப்பு, தண்ணீர்க் குழாய்க்குப் போதும்; பிறேக் அழுத்தத்தில் அது வெடிக்கும்.

முதல் விரிப்பு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து வந்தது. குழாயை விரிக்கும் கருவியில் செங்குத்தாகப் பிடிக்கவில்லை. வெட்டி எறிந்தேன். இரண்டாவது விரிப்பு அழகாக வந்தது. மறு முனையையும் விரித்து, வளைத்து, வானுக்குக் கீழே கொண்டுபோன பிறகுதான் ஒரு பக்கத்து நட்டைக் குழாயில் கோக்காமலே இரண்டு வாய்களையும் விரித்துவிட்டேன் என்பது தெரிந்தது. விரித்த வாயைத் தாண்டி நட்டு ஏறாது. மீண்டும் ஒரு முனையை வெட்டி, நட்டைப் போட்டு, விரிக்க வேண்டியதாயிற்று. கையிருப்பாக விட்ட நீளம் அப்போது உதவியது. இப்போது என் கருவிப் பெட்டியின் மூடிக்குள் "நட்டு முதலில், விரிப்பு பிறகு" என்று வெள்ளை மையால் எழுதியிருக்கிறேன். குழாயை வளைப்பதற்குச் சிறிய தகரப்பேணி ஒன்றைச் சுற்றிக் கட்டைவிரல்களால் மெல்ல மெல்ல அழுத்தினேன். எந்த வளைவும் நசுங்கவில்லை.

வால்வைச் சட்டத்தில் பூட்டி, மூன்று நட்டுகளையும் முதலில் விரலால் நான்கு சுற்று ஏற்றினேன். விரலால் ஏறாத நட்டை ஸ்பனரால் ஏற்றத் தொடங்கினால் மறை கோணலாகி, வால்வே பழுதாகிவிடும். இறுக்கத்துக்கு 15 நியூட்டன்மீற்றர் போதும். சட்டத்தோடு குழாய் உரசும் இரண்டு இடங்களில் பழைய இறப்பர் குழாயைக் கீறி உறையாகப் போட்டேன். இணைப்புத் தண்டைப் பழைய நீளமான 80 மில்லிமீற்றரிலேயே வைத்தேன்.

பிறகு பிறேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுத்தல். மகன் மிதிப்பலகையில், நான் கீழே. "அமத்து" என்றால் அமர்த்திப் பிடிப்பான், நான் திருகைத் திறந்து மூடுவேன், "விடு" என்றால் விடுவான். இடையில் ஒருமுறை நான் சொல்லுமுன் விட்டுவிட்டான், காற்று மறுபடி உள்ளே ஏறிவிட்டது. "அப்பா, நீங்கள் மூடினதைச் சொல்லேல்லை" என்றான். சரியாகச் சொன்னான். அதன்பின் திருகை மூடியதும் "மூடிற்றன்" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டோம். மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின் சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வந்து, கடைசியாக வால்விலேயே இருக்கும் திருகிலும் காற்று எடுத்தோம். இந்தக் கடைசித் திருகைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதிலிருந்து மட்டும் நான்கு தடவை குமிழி வந்தது. அரை லீற்றர் டொட் 3 ஒயில் போத்தல்கள் இரண்டு செலவாகின. நிறப்பூச்சில் சிந்திய ஒயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், இல்லாவிட்டால் பூச்சு உரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தால், நிற்கும் தூரம் பதினான்கு மீற்றர். ஒரே ஒரு மீற்றர்தான் குறைந்திருந்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணையிடம் 0 முதல் 160 வரை காட்டும் இரண்டு அழுத்தமானிகள் இருந்தன. முன் சில்லின் காற்றுத் திருகைக் கழற்றி அந்த இடத்தில் ஒன்று, பின் சில்லில் மற்றது. மானிகளின் குழாய்களிலும் காற்று எடுத்த பிறகே அளவு மெய்யாக இருக்கும். இயந்திரத்தை ஓடவிட்டு, முன் மானி சதுரசென்ரிமீற்றருக்கு 80 கிலோ காட்டும் வரைக்கும் மகன் பிறேக்கை மிதித்துப் பிடித்தான்; அந்த நேரத்தில் பின் மானி என்ன காட்டுகிறது என்று பார்த்தோம். வெறும் வானில் 34. மணல் மூட்டைகள் ஏற்றியதும் 42. பாரம் ஏறிய வானுக்கு 42 மிகக் குறைவு என்று அண்ணை சொன்னார், தண்டை நீட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். தண்டு நீண்டால், அச்சு மேலே வந்தது போல வால்வு உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டும். மறை முடியும் மட்டும் திருகியதில் ஆறு மில்லிமீற்றர்தான் நீண்டது. மானியில் மூன்று கூடியது.

இங்கேதான் மூன்றாவது பிழையான வழியில் போனேன். அண்ணையிடம் சொல்லாமல், லேத் பட்டறை ஒன்றில் 40 மில்லிமீற்றர் கூடுதலான நீளத்தில் ஒரு தண்டு செய்வித்தேன். 3,500 ரூபா. பாரத்தோடு வான் நன்றாக நின்றது, மானியும் வைத்துப் பார்க்கவில்லை, வேலை முடிந்தது என்று செப்ரெம்பர் முழுவதும் ஓடினேன். ஒக்ரோபரில் முதல் மழை பெய்த அன்று, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு கல்லுண்டாய்ப் பக்கமாக வந்துகொண்டிருந்தபோது மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை அமர்த்தினேன். பின் சில்லுகள் இரண்டும் அப்படியே பிடித்து நின்றுவிட, வால் வலப்பக்கமாக வழுக்கி, வான் வீதியின் குறுக்கே திரும்பி நின்றது. எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. மாட்டுக்கும் ஒன்றுமில்லை. நான் சுக்கானைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன். பத்து நிமிடத்துக்கு முன்னர் அந்த இருக்கைகளில் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு நினைவே வரவில்லை.

அன்று பின்னேரமே வானை அண்ணையிடம் கொண்டுபோய், செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டினார், திட்டு வாங்க வேண்டியதுதான். மானிகளைத் திரும்பப் பூட்டினோம். வெறும் வானில் 52, பாரத்தோடு 60. அண்ணை இரண்டு இலக்கங்களையும் சுவரில் கரியால் எழுதி, பழைய 34ஐயும் 42ஐயும் பக்கத்தில் எழுதினார். "இஞ்சை பார். தண்டு நீண்டதாலை ரெண்டும் சேந்து ஏறினது. இடைவெளி எட்டுத்தான், அது மாறேல்லை. தம்பி, உது பாரத்தைப் பாக்கிறேல்லை, உயரத்தைத்தான் பாக்குது. உன்ரை வான் தாழுறேல்லை."

அளவுநாடாவை எடுத்தோம். பின் சில்லின் நடுவிலிருந்து சில்லு வளைவின் கீழ் விளிம்பு வரைக்கும், வெறும் வானில் 438 மில்லிமீற்றர், 500 கிலோவோடு 420. பாரம் ஏறியும் வெறும் 18 மில்லிமீற்றர்தான் தாழ்கிறது. மறுநாள் காலை பாடசாலை வாசலில், தகடு கூட்டாத மூன்று டொல்பின் வான்களை அவற்றின் சாரதிகளிடம் கேட்டு அளந்தேன்: வெறுமையாக 415, 420, 423. என்னுடைய வான் பிள்ளைகளை ஏற்றிய பிறகுதான் மற்ற வான்களின் வெறும் உயரத்துக்கே வருகிறது. ஆகவே பதினான்கு பிள்ளைகள் இருக்கும்போதும் வால்வின் கணக்கில் வான் வெறும் வான். நான் ஏப்ரலில் வைப்பித்த அந்தத் தகடு, வாலை நிமிர்த்தியதோடு, வால்வுக்குப் பாரம் தெரியாமலும் செய்துவிட்டது. தண்டை எவ்வளவு நீட்டினாலும் இது தீராது, ஏனென்றால் பாரத்துக்குப் போதுமான அளவு நீட்டினால் வெறும் வானுக்கு அது மிஞ்சிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

அதன் பிறகு வேலை நேரானது. மேலதிகத் தகடுகளைக் கழற்றி, தொய்ந்த பழைய தகடுகளை ஸ்பிறிங் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோய் வளைவைத் திரும்ப ஏற்றுவித்தேன், 14,000 ரூபா. தகடுகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் பழைய யூ போல்ட்களைத் திரும்பப் பாவிக்காமல் நான்கு புதியவை வாங்கினேன், ஒன்று 1,100 வீதம். பட்டறைத் தண்டை எறிந்துவிட்டு, கொழும்பிலிருந்து வந்த தண்டையே 80 மில்லிமீற்றரில் வைத்தேன். வானை நான்கு சில்லிலும் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு தடவை உருட்டி ஸ்பிறிங்குகளை இருக்கவிட்ட பின்னரே அளந்தோம். வெறுமையாக 420 மில்லிமீற்றர், பின் மானியில் 42. பாரத்தோடு 376 மில்லிமீற்றர், பின் மானியில் 62. இடைவெளி எட்டிலிருந்து இருபதாகியிருந்தது. தண்டைத் தொடவே தேவைப்படவில்லை. மழை பெய்து நனைந்திருந்த கராஜ் முற்றத்திலும், பிறகு அராலி வெளியிலும், வெறும் வானோடு எட்டுத் தடவை திடீரெனப் பிடித்துப் பார்த்தேன். ஒருமுறையும் வால் விலகவில்லை. பத்துப் பிடிப்புக்குப் பிறகு பின் டிரம்மில் இப்போது கையை வைத்திருக்க முடிவதில்லை.

தேவையான செலவு: வால்வு 16,000, பஸ் கூலி 500, குழாய் 2,800, நட்டுகள் 1,000, ஒயில் 3,200, ஸ்பிறிங் வளைவு 14,000, யூ போல்ட் 4,400, மொத்தம் 41,900 ரூபா. வீணானவை: மேலதிகத் தகடு 18,000, முன் பட்டைகள் 9,500, பட்டறைத் தண்டு 3,500.

இன்னொரு முறை இதைச் செய்வதாயின், எதையும் கழற்றுவதற்கு முன்னர் இரண்டு மானிகளையும் அளவுநாடாவையும் எடுத்து, வெறுமையாகவும் பாரத்தோடும் நான்கு இலக்கங்களை எழுதுவேன். அந்த நான்கு இலக்கங்கள் யூன் மாதத்திலேயே முழுவதையும் சொல்லியிருக்கும். வெட்டு வளைய ஸ்பனரைக் குழாயில் கை வைப்பதற்கு முன்னரே வாங்குவேன்; இப்போது வாங்கிவிட்டேன். அறுந்த ஒரு குழாயை மட்டும் மாற்றியதும் எனக்குத் திருப்தியாக இல்லை: மற்ற இரண்டும் அதே உப்பில் அதே வயது கண்டவை, தை மாத விடுமுறை நாட்களில் அவற்றையும் மாற்றப் போகிறேன். வால்வின் முளைக்கு இறப்பரைக் கெடுக்காத கிறீஸ் பூசியிருக்கிறேன், தீவுப்பக்கம் போய்வந்த நாளில் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். தண்டின் நட்டுக்கும் மறைக்கும் குறுக்கே வெள்ளை மையால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மின்சூளோடு கீழே படுத்து அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்றும் நேராகவே இருந்தது.